மனநல வார்டில் ஓவிய அமர்வு: அனுமதி வாங்குவதிலிருந்து டிஸ்சார்ஜ் வரை

கோயமுத்தூர், ஈரோடு பக்கம் மனநல வார்டுகளில் நோயாளிகளோடு உட்கார்ந்து வரைவது பல வருடமாக என் வேலை. நர்சிங் படிக்கிற பிள்ளைகள், சமூகப்பணி முடித்தவர்கள், பள்ளிக்கூட ட்ராயிங் மாஸ்டர்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: "நாங்களும் செய்யலாமுங்களா, எங்கிருந்து ஆரம்பிக்கறதுங்க?" ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பேசிவிடுவோம். ஓவியச் சிகிச்சை தனிப் படிப்பு, தனித் தொழில். பிரிட்டனில் முறையாகப் பதிவு செய்யாத ஒருவர் தன்னை ஓவியச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்ளவே சட்டம் விடாது. நம் பக்கத்து வார்டுகளில் அந்தப் படிப்பு படித்தவரைப் பார்ப்பது அபூர்வம்; நர்ஸோ, உளவியலாளரோ, என்னைப் போன்ற ட்ராயிங் படித்தவரோதான் செய்கிறோம். செய்யலாம், தப்பில்லை. ஆனால் டாக்டரின் மேற்பார்வையில், மருந்தோடு சேர்த்து.

குடும்பத்தாரிடம் "வரைஞ்சா சரியாப் போயிடும்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். பிரிட்டனில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள 417 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரக் குழு ஓவிய அமர்வு, ஒரு வருடத்துக்கு. அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: ஓவிய அமர்வு ஒதுக்கப்பட்டவர்களில் பலர் ஒழுங்காக வரவேயில்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: கட்டிலை விட்டு எழுந்து வந்து ஒருத்தர் நம் மேசையில் உட்காருவதே பாதி வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால்தான் மற்றதைப் பேசவே முடியும்.

ஆங்கிலத்தில் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், 1942-இல். அவர் காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைந்து தேறியவர். எட்வர்ட் ஆடம்சன் 1946-இல் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஒரு ஓவியக்கூடம் அமைத்தார். கற்றுக்கொடுக்காமல், படத்துக்கு அர்த்தம் சொல்லாமல், இடமும் பொருளும் கொடுத்துவிட்டுக் கூடவே இருப்பதுதான் அவர் வழி. அதே 1946-இல் பிரேசிலில் நீஸே ட சில்வெய்ரா என்ற டாக்டரம்மா, மின் அதிர்ச்சியும் மூளை அறுவையும் தன்னால் செய்ய முடியாது என்று மறுத்துவிட்டு, ரியோ நகரத்து மருத்துவமனையில் ஓவியப் பட்டறை திறந்தார். அங்கே சேர்ந்த படங்களுக்கு 1952-இல் ஒரு அருங்காட்சியகமே வந்தது. வரலாறு இவ்வளவு போதும், வார்டுக்குள் போவோம்.

அனுமதி

துறைத் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர், என்னென்ன பொருள், கூட யார் இருப்பார்கள். "இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே" என்று யாராவது தட்டிக்கழித்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் வசதி இருக்க வேண்டும் என்கிறது என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

கடிதத்தில் கையெழுத்து வந்தால் பாதி அனுமதிதான். மீதி வார்டு சிஸ்டரிடம் இருக்கிறது. அவருக்கு நீங்கள் கூடுதல் சுமையாகத் தெரிந்தால் அமர்வு இரண்டே வாரத்தில் நின்றுபோகும். முதல் வாரம் தாளே எடுத்துப்போகாமல் வார்டில் சும்மா ஒரு மணி நேரம் உட்காருங்கள்: மாத்திரை எப்போது கொடுக்கிறார்கள், ரவுண்ட்ஸ் எப்போது முடிகிறது, யார் யாரோடு ஆகாது. எனக்குச் சரிப்பட்ட நேரம் டிபனும் மாத்திரையும் ரவுண்ட்ஸும் முடிந்து, பத்தரையிலிருந்து பதினொன்றே முக்கால் வரை. சாப்பாட்டுக்குப் பிறகு பாதிப்பேர் மருந்து மயக்கத்தில் தூங்கிவிடுவார்கள். கிழமையை மாற்றாதீர்கள். வார்டில் ஞாயிறும் புதனும் ஒன்றுபோலத்தான் கழியும், "செவ்வாய்க்கிழமை ட்ராயிங்" என்று ஒருத்தர் நாள் கணக்கு வைக்க ஆரம்பிப்பதே பெரிய விஷயம்.

யாரை அழைக்கலாம்

பட்டியலை சிஸ்டரிடமும் டாக்டரிடமும் கேட்டு வாங்குங்கள், நீங்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அன்று காலை மின் அதிர்வு சிகிச்சை முடிந்தவருக்கு ஓய்வு வேண்டும், ஞாபகமும் கொஞ்சம் குழம்பியிருக்கும். குடியை நிறுத்தி முதல் சில நாள்களில் இருப்பவர் நடுக்கத்தில் இருப்பார், அவரையும் அழைக்க வேண்டாம். மேனியா, அதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் வேகமும், உச்சத்தில் இருப்பவரைக் குழுவில் போடாதீர்கள். தற்கொலை எண்ணத்துக்காகக் கண்காணிப்பில் இருப்பவர் என்றால் டாக்டர் சொன்னால் மட்டும், சிஸ்டர் பக்கத்தில் இருக்க, கட்டிலிலேயே.

வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அடுத்த வாரமும் போய் அழையுங்கள். ஒரு அம்மா ஐந்து வாரம் "வேண்டாஞ்சாமி" என்று திரும்பிப் படுத்தார், ஆறாவது வாரம் நான் அழைக்காமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பொருள்கள்

வழக்கமான ட்ராயிங் வகுப்பு மாதிரி நினைத்துவிடக் கூடாது. கத்தரிக்கோல், பிளேடு, கட்டர், ஸ்டேப்ளர், கம்பி, கயிறு, கண்ணாடி டம்ளர், பிளாஸ்டிக் கவர் எதுவும் வார்டுக்குள் வரக் கூடாது. தின்னர், டர்பன்டைன், ரப்பர் சொல்யூஷன் மாதிரி நெடியடிக்கிற எதுவும் கூடாது, போதைப் பழக்கத்துக்காகச் சேர்ந்தவர்கள் இருக்கிற இடத்தில் இது இன்னும் முக்கியம். தாளைக் கையாலேயே கிழித்து ஒட்டலாம், அதில் ஒரு சுகமும் இருக்கிறது.

ஷார்ப்னர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒருநாள் ஐந்து கொண்டுபோய் நான்கைத்தான் திருப்பி எடுத்து வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். போன் போட்டுச் சொல்லி, நைட் டியூட்டி சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாகத் தேடி, ஒருவருடைய தலையணை உறைக்குள்ளிருந்து எடுத்தார். பிளேடு கழலாமல் முழுசாக இருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை, தப்பு முழுக்க என்னுடையது. அப்புறம் பென்சிலை வீட்டிலேயே சீவிக்கொண்டுதான் போகிறேன். எல்லாப் பொருளுக்கும் எண்ணிக்கை எழுதிய ஒரு அட்டை டப்பாவுக்குள்ளேயே இருக்கும். உள்ளே போகும்போது ஒருமுறை, யாரும் எழுந்திருக்கும் முன் ஒருமுறை எண்ணுவேன்.

வாங்க வேண்டியவை: தடித்த கிரேயான், ஆயில் பேஸ்டல், குட்டையாக உடைத்த கலர் பென்சில், பாதியாக வெட்டிய சார்ட் பேப்பர், ஏ3 தாள், மாஸ்கிங் டேப், விஷமில்லை என்று போட்ட போஸ்டர் கலர். போஸ்டர் கலரை முதல் மாதம் எடுக்காதீர்கள். எடுத்தால் சின்ன மூடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மனநோயில் சிலருக்குக் கணக்கில்லாமல் தண்ணீர் குடிக்கிற பழக்கம் வரும், பிரஷ் கழுவின தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிடுவார்கள். மக்கில் கொஞ்சமாகவே தண்ணீர் வையுங்கள், கண்ணும் வையுங்கள்.

நம் ஊரிலேயே கிடைப்பவை நிறைய. திருப்பூர் பக்கம் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் வாங்கலாம். வீட்டிலேயே சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டு போனால், "எனக்கு வரைய வராது" என்பவர்கூட ஒட்ட ஆரம்பித்துவிடுவார். நீளமான கீற்றை மட்டும் எடுத்துவிடுங்கள், அது கயிறு மாதிரிதான். கோலத்துக்குக் கல்மாவு வேண்டாம், அரிசி மாவு போதும், வாயில் போட்டாலும் பயமில்லை. கை நடுங்குபவருக்கு மாவு இழை வராது, சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள், தடிமனாகப் பிடிக்கும். ஆண்கள் "அது பொம்பளைங்க வேலைங்க" என்பார்கள், அவர்களுக்குக் களிமண் கொடுத்துப் பாருங்கள்.

மருந்து கையில் தெரியும்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் கை விறைக்கலாம், நடுங்கலாம். மேனியாவுக்குக் கொடுக்கிற லித்தியத்திலும் நடுக்கம் உண்டு. விறைப்புக்குக் கொடுக்கிற ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். ஆகவே கோடு கோணுவதும் படம் சின்னதாக ஒடுங்குவதும் மனசைக் காட்டுகிறது என்று உடனே முடிவு கட்டாதீர்கள், மாத்திரையாகவும் இருக்கும். மெல்லிய பென்சிலுக்குப் பதில் தடித்த கிரேயான், சின்னத் தாளுக்குப் பதில் பெரிய தாள் என்று மாற்றிக் கொடுங்கள்.

சிலரால் உட்காரவே முடியாது, காலை மாற்றி மாற்றி வைப்பார், எழுந்து நடப்பார், திரும்ப உட்காருவார். ஆர்வமில்லை என்று தோன்றும். மருந்தின் பக்கவிளைவாகவே இப்படி ஒரு நிலைகொள்ளாமை வரும், அவருக்கு அது பெரிய வேதனை. சுவரில் தாளை ஒட்டி நின்றபடி வரையவிடுங்கள், அன்றைக்கே சிஸ்டரிடம் சொல்லுங்கள். டாக்டர் மருந்தைப் பார்த்துச் சரிசெய்வார். நீங்கள் கவனித்துச் சொன்னதால் ஒருத்தருக்கு அந்த அவஸ்தை தீர்ந்தால், படம் வரையாவிட்டாலும் அந்த வாரம் வீணில்லை.

இடம்

தனி அறை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் வார்டின் ஒரு மூலை. தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், மின்விசிறிக்குப் பறக்காது, நடுங்குகிற கைக்கும் உதவும். கதவுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்கு. சந்தேகம் அதிகமுள்ளவருக்கு முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற இடம். கூட ஒரு சிஸ்டரோ அட்டெண்டரோ கட்டாயம்.

நம் பக்கம் வீட்டார் கூடவே தங்கியிருப்பார்கள், அதற்கும் ஒரு வழி வேண்டும். அம்மா தோள்மேல் எட்டிப் பார்த்து "வெரசா வரை கண்ணு, டாக்டர் பாக்கட்டும்" என்பார். பாசம்தான், ஆனால் பையனின் கை நின்றுவிடும். நான் வெளியே திண்ணையில் அவர்களுக்கும் தாளும் கிரேயானும் கொடுத்துவிடுகிறேன். ஆறு மாதமாகத் தோட்டத்தையும் மாட்டையும் ஒறம்பரையிடம் (சொந்தக்காரர்களிடம்) விட்டுவிட்டு ஆஸ்பத்திரியே கதி என்று கிடக்கிறவர்களுக்கும் வெசனம் இருக்கிறது, அவர்கள் படத்தையும் மதித்துப் பாருங்கள்.

முதல் நாள்

"உங்க மனசுல இருக்கறத வரைங்க" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். "உங்க வீட்ட வரைங்க", "குடும்பத்த வரைங்க" என்பதும் முதல் நாளைக்கு வேண்டாம். வீட்டில்தான் காயம் பட்டிருக்கிறார்கள் பலர். வெள்ளைத் தாளும் பயமுறுத்தும், அதனால் நான் ஒவ்வொரு தாளிலும் ஒரு வளைகோடு முன்கூட்டியே போட்டுவிடுகிறேன், அதிலிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். "எனக்கு வராதுங்க" என்பவரிடம் நான் சொல்வது: "வரைய வேண்டாமுங்க, இதுல எந்தக் கலர் புடிக்குதுன்னு மட்டும் எடுங்க." எடுத்த பிறகு கை சும்மா இருக்காது.

எனக்கு ஒருமுறையும் தோற்காத விஷயம் மாடு. நடுவில் பெரிய தாளில் மாட்டின் வெளிக்கோடு மட்டும் போட்டுவிட்டு, "பட்டிப் பொங்கலுக்கு உங்கூர்ல கொம்புக்கு என்ன பெயிண்டுங்க அடிப்பீங்க?" என்று கேட்பேன். பதில் இல்லாத ஆளே கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இரண்டு வாரமாக யாரோடும் பேசாதவர், என் கையிலிருந்த கிரேயானை வாங்கி, "இது காங்கயம் மாடாங்க? திமில எங்க?" என்று கேட்டுவிட்டு முதுகில் திமிலை ஏற்றினார். பக்கத்திலிருந்த இளைஞர் ஒரு கொம்புக்குப் பச்சையும் மறு கொம்புக்குச் சிவப்பும் அடித்தார். "ஒரே கலரு அடிப்பா" என்று பெரியவர் சத்தம் போட, மேசையே சிரித்தது. அமர்வு முடிகிறவரை அந்தத் திமிலைத்தான் அவர் தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார்.

நேரப் பங்கீடு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பத்து நிமிடம் பெயர் சொல்லி நலம் விசாரித்து உட்கார வைக்க, நாற்பது நிமிடம் வரைய, கால் மணி நேரம் விருப்பப்பட்டவர் தன் படத்தைக் காட்டிப் பேச, மீதி எடுத்து வைக்க. பேசாதவரைப் பேச வைக்காதீர்கள். முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள், திடீரென்று தாளைப் பிடுங்குவது போல் ஆகக் கூடாது.

பக்கத்தில் உட்காருவது, படத்தைப் படிக்காமல் இருப்பது

இது ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பழகப் பழக வரும். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். நடுத்தர வயதுக்காரர் ஒருவர், தாள் முழுக்க மேலிருந்து கீழாகக் கோடு கோடாக மட்டும் இழுப்பார். நெருக்கமாக, ஒரே இடைவெளியில், மூன்று வாரம் அதேதான். எனக்கு ஜெயில் கம்பி என்று தோன்றியது. பூட்டிய வார்டில் இருக்கிறார், வேறென்ன இருக்கும்? குறிப்பேட்டில் அப்படியே எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, "இதப்பத்திச் சொல்றீங்களாங்க?" என்றேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "பாவுங்க. இன்னும் ஊடை ஓடல." சென்னிமலைப் பக்கத்துத் தறிக்காரர். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற நூல், ஊடை அதற்குக் குறுக்கே ஓடுவது. கோடுகளை நான் திரும்பப் பார்த்தேன். ஒரு இடத்தில் இரண்டு கோடு இல்லாமல் இடைவெளி இருந்தது, அதை விரலால் தொட்டுக் காட்டி, "இங்க நூலு அறுந்துபோச்சுங்க" என்றார்.

கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம், மரத்தில் பொந்து இருந்தால் பழைய காயம் என்று அட்டவணை போட்டுச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கறுப்புக் கிரேயான் மட்டும் டப்பாவில் மிச்சமிருந்ததால் கறுப்பாக வரைந்தவரையும் நான் பார்த்திருக்கிறேன். கேளுங்கள். "இது என்ன?" என்று கேட்டால் பரீட்சை மாதிரி இருக்கும். "இத எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?", "இந்த எடத்துல ரொம்ப நேரம் இருந்தீங்களே" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். "சூப்பர்", "அருமை" என்று பொதுவாகப் பாராட்டாதீர்கள். மனச்சோர்வில் இருப்பவர் அதை நம்பமாட்டார், அடுத்தவர் தன் படத்தை மடித்து வைத்துவிடுவார்.

நோய்க்கு நோய்

மனச்சிதைவு உள்ளவருக்குத் தெளிவான சின்ன வேலை நல்லது: இந்தக் கட்டத்தை நிரப்புங்கள், இந்த மூன்று நிறம். குரல்களையும் சந்தேகங்களையும் வரையச் சொல்லித் தூண்டாதீர்கள், அவராக வரைந்தால் வாதாடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம், "அது உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?" என்று ஆளைக் கேளுங்கள். மேனியாவில் இருப்பவருக்குச் சின்னத் தாள், இரண்டு நிறம், குறைந்த நேரம். பெரிய தாளும் போஸ்டர் கலரும் கொடுத்தால் வேகம் இன்னும் ஏறும். மனச்சோர்வில் இருப்பவர் நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு கோடு போடலாம், அதை அவர் போட்டதாகவே மதியுங்கள், நீங்கள் சேர்த்து வரைந்து முடித்துக் கொடுக்காதீர்கள். முதியவர்களுக்குக் கோலமும் துணியும்.

படத்திலோ பேச்சிலோ சாவது, தன்னை வருத்திக்கொள்வது, யாரோ அடிப்பது, பாலியல் கொடுமை இப்படி ஏதாவது வந்தால் அமர்வு முடிந்ததும் அதே நாள், அதே மணி நேரத்தில் டியூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று அவர் கேட்டால், "உங்க உசுரு விஷயமுங்க, டாக்டருக்கு மட்டும் நான் சொல்லித்தான் ஆகணும்" என்று அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள், மறைத்துச் சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகிறவர் குடும்பத்துக்கு அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் எண் 14416-ஐ எழுதிக் கொடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

எழுதி வைப்பது

கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: "50 நிமிடம் உட்கார்ந்தார். நீலம் மட்டும் எடுத்தார். வலது கை நடுக்கம் போன வாரத்தைவிடக் குறைவு. பக்கத்திலிருந்தவருக்குக் கிரேயான் எடுத்துக் கொடுத்தார். படத்தைப் பற்றி 'கிணறு' என்று மட்டும் சொன்னார்." இது டாக்டருக்கு உதவும். "அடக்கப்பட்ட கோபம் வெளிப்பட்டது" என்று எழுதினால் யாருக்கும் உதவாது, கேஸ் ஷீட்டில் அந்த வரி அவரோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு வரும்.

படம் அவருடையது

பின்பக்கம் தேதியும் உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு எண்ணும் போடுங்கள், பெயர் வேண்டாம். ஆளுக்கு ஒரு அட்டை ஃபைல், பூட்டுகிற அலமாரியில். போனில் படம் எடுக்காதீர்கள். ஒரு இடத்தில் உடன் வந்த தன்னார்வலர் ஒருவர் நல்லெண்ணத்தில் எடுத்து வாட்ஸப்பில் போட, மூலையில் பெயர் எழுதியிருந்த ஒரு படம் சுற்றிச் சுற்றி அந்தப் பெண்ணின் சொந்த ஊருக்கே போய்விட்டது. பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றது. அந்தப் பெண்ணின் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, "போகுதுங்க, விடுங்க" என்றார், அதுதான் இன்னமும் உறுத்துகிறது. சிகிச்சையில் இருப்பவரின் புகைப்படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமில்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது. நான் இன்னும் இறுக்கமாக வைத்துக்கொள்கிறேன்: வார்டுக்குள் என் போனே வராது. கண்காட்சி வைக்க யாராவது ஆசைப்பட்டால், அவர் தேறி வீட்டுக்குப் போன பிறகு, தெளிவாக இருக்கும்போது கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

டிஸ்சார்ஜ் அன்று ஃபைலை அவர் கையில் கொடுங்கள், வீட்டார் கையில் வேண்டாம். வார்டில் போட்ட படத்தை வீட்டுக்கு எடுத்துப்போக எல்லோருக்கும் பிடிக்காது. கோபி பக்கத்து அம்மா ஒருவர், "ஊட்டுல வெக்க எடமில்லீங்க, நீங்களே வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார். அப்படித் தந்தால் பத்திரமாக வையுங்கள், இடம் போதவில்லை என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மறுமாதம் ஓ.பி.க்கு மாத்திரை வாங்க வந்தவர், மஞ்சப்பையோடு நேராக என்னிடம் வந்து, "என்ற படமெல்லாம் இருக்குதுங்களா?" என்றார். அலமாரியைத் திறந்து கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொன்றாக எண்ணினார், பதினொன்று இருந்தது. ஃபைலை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் வர்றனுங்க" என்று போனார்.